பிணம் ‘ஏரியா’வில் கிடந்தது: பிரிட்டிஷ் கொலைக் கதைகளும் அமெரிக்க வாசகர்களும் – கேள்வி பதில்

ஒஹையோவில் எங்கள் ஊர் நூலகத்துத் துப்பறியும் கதை வட்டத்தில் திருச்சியில் பள்ளிக்கூடம் படித்தவள் நான் ஒருத்திதான். பிரிட்டிஷ் சொல் ஏதாவது வந்து அமெரிக்க நண்பர்கள் முழித்தால், விளக்குகிற வேலை என் தலையில்தான் விழும். அந்தத் தைரியத்தில் இந்தக் கேள்வி பதிலுக்கு ஒத்துக்கொண்டேன். கொலைகாரன் யார் என்பதை மட்டும் யாரும் உடைக்காதீர்கள்.

பிட்ஸ்பர்க் பாட்டி: என் பேரன் இங்கேயே பிறந்தவன். அவன் படிக்கிற கதையில் இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு வைக்கோல் கொட்டகைக்குள் போகிறாராம். “தீப்பிடிக்காதா பாட்டி?” என்று கேட்கிறான்.

பிடிக்காது மாமி. அமெரிக்காவில் டார்ச் என்றால் தீப்பந்தம். நம்முடைய டார்ச்சுக்கு இங்கே ஃபிளாஷ்லைட். பேரன் கெட்டிக்காரன், கேட்டுவிட்டான். எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்காமலே, நாவல் முழுக்கப் போலீஸார் பந்தம் ஏந்தித் திரிவதாக நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாருக்குமே சொல்கிறேன்: தெரியாத சொல்லால் ஆபத்தில்லை, அகராதியைப் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல் மாதிரி வேஷம் போட்டு வருகிறதே, அதுதான் காலை வாரும்.

டல்லாஸ்காரன்: அக்கா, 1930களில் நடக்கும் ஒரு கதையில் ஒரு பெண் காரின் டிக்கியில் உட்கார்ந்து பயணம் போகிறாள். கடத்தலா என்று பார்த்தால் சிரித்துக்கொண்டு போகிறாள். என் அமெரிக்க மனைவிக்கு டிக்கி என்ற சொல்லே புரியவில்லை. எனக்குப் புரிந்ததுதான் குழப்பமே!

தம்பி, அருமையான கேள்வி. அந்தக் காலத்து இரண்டு இருக்கை கார்களின் பின்பக்கத்தில் ஒரு மூடி இருக்கும். கீல் கீழ்ப்பக்கம். மேலே பிடித்து இழுத்தால் பின்னால் சாய்ந்து முதுகுச் சாய்மானமாக நிற்கும், உள்ளே மெத்தை வைத்த இருக்கை. பின் மட்கார்டில் பதித்த சின்னப் படியில் கால் வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். இதுதான் டிக்கி சீட். இதையே அமெரிக்காவில் ரம்பிள் சீட் என்றார்கள். அதுவும் வழக்கொழிந்துவிட்டதால் உங்கள் மனைவிக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. அந்த இருக்கை போய்ச் சாமான் வைக்கும் இடமாக மாறிய பிறகும் நாம் பழைய பெயரை விடவில்லை. பிரிட்டிஷ்காரர் அதை பூட் என்பார், அமெரிக்கர் ட்ரங்க் என்பார்.

கதைக்கு இது ஏன் முக்கியம் என்றால், டிக்கி சீட்டுக்குக் கூரை கிடையாது. மழை பெய்தால் நனைவாள். முன்னால் இருப்பவர்கள் பேசுவது எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் காதில் விழாது. “வழியில் அவர்கள் சண்டை போட்டதைக் கேட்டேன்” என்று அவள் சாட்சி சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

ஸ்டெப்னியும் இதே ரகம். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் தயாரான உபரிச் சக்கரத்தின் வியாபாரப் பெயர் அது. பிரிட்டனில் மறந்தே போனார்கள். நம் மெக்கானிக்குகள்தான் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அரைத்தூக்கம்: லண்டன் கதை. “பிணம் ஏரியாவில் கிடந்தது” என்று வருகிறது. எந்த ஏரியா என்று கடைசி வரை சொல்லவில்லை. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. நம் ஊர் ‘எந்த ஏரியா சார்?’ வகையும் இல்லை. லண்டனின் பழைய வரிசை வீடுகளில் சமையலறை பூமிக்குக் கீழே இருக்கும். அதற்கு வெளிச்சம் வர, வீட்டு முகப்புக்கும் நடைபாதைக்கும் நடுவே பள்ளமாக ஒரு குறுகிய முற்றம் விட்டிருப்பார்கள். அதன் பெயர்தான் ஏரியா. தெருப்பக்கம் இரும்புக் கம்பி வேலி, அதில் ஒரு சின்னக் கேட், கேட்டைத் திறந்தால் கீழே இறங்கும் கல்படி. பால்காரரும் கறிக்கடைப் பையனும் அந்த வழியாக வருவார்கள். நடைபாதைக்கு அடியில் நிலக்கரி அறை. மேலே பாதையிலேயே வட்ட இரும்பு மூடியைத் தூக்கிக் கரியைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆக, பிணம் அங்கே கிடந்தால் தெருவில் நடந்து போகிறவர் கண்ணில் படாது, வேலி ஓரம் நின்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் பார்ப்பது பெரும்பாலும் சமையற்காரியாகவோ பால்காரராகவோ இருக்கும். இது தெரியாவிட்டால் பாதி வழக்கு விளங்காது.

நியூஜெர்சி நிலா: டார்ச் என்றால் என்ன?

மேலே பாட்டிக்குச் சொன்ன பதில்.

அரைத்தூக்கம்: சாட்சி “ஹாஃப் செவன்” என்கிறான். ஆறரையா, ஏழரையா?

ஏழரை. பள்ளியில் ஜெர்மன் படித்த அமெரிக்கர்கள் ஆறரை என்று எடுத்துக்கொண்டு, நிரபராதியை ஒரு மணி நேரம் முன்னதாகவே தூக்கில் போட்டுவிடுவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். டின்னர் என்றால் எப்போதும் ராச்சாப்பாடு என்று நினைக்காதீர்கள். மாளிகைக்காரருக்கு அது இரவு எட்டு மணி. வடக்கு இங்கிலாந்துத் தொழிலாளி வீட்டில் அது மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் ரொட்டியும் கறியுமாகச் சாப்பிடுவது டீ. “டின்னருக்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் செத்தான்” என்று டாக்டர் சொன்னால், யாருடைய டின்னர் என்று முதலில் கேளுங்கள்.

பட்டுமாமி: கரோனர் என்பவர் டாக்டரா, ஜட்ஜா? என் மருமகள், எங்கள் கவுண்டியில் கரோனருக்குத் தேர்தல் நடக்கிறது என்கிறாள்.

மருமகள் சொல்வது சரிதான். அமெரிக்காவில் பல கவுண்டிகளில் கரோனர் ஓட்டு வாங்கி வருகிறவர். மற்ற இடங்களில் மருத்துவரான மெடிக்கல் எக்ஸாமினர் இருப்பார். இங்கிலாந்தில் கரோனர் நீதித்துறையைச் சேர்ந்தவர். இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்று விசாரிப்பது மட்டும்தான் அவர் வேலை. அந்த விசாரணைக்குப் பெயர் இன்க்வெஸ்ட். நம் ஊரில் கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

எங்கள் வட்டத்து அமெரிக்கர்கள் பழைய நாவல்களில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கிராமத்து மதுக்கடைக் கூடத்தில் இன்க்வெஸ்ட் நடக்கும், ஜூரி எழுந்து “இன்னார் செய்த கொலை” என்று பெயர் சொல்லும். விசாரணைக்கு முன்பே தீர்ப்பா என்று கொதிப்பார்கள். தீர்ப்பு இல்லை, ஆனால் அந்த ஆளை வழக்குக்கு அனுப்ப அது போதும். இது கற்பனையும் இல்லை. லார்ட் லூகன் வீட்டுத் தாதி சாண்ட்ரா ரிவெட் 1974இல் கொல்லப்பட்டபோது, மறுவருஷம் நடந்த இன்க்வெஸ்டில் ஜூரி லூகன் பெயரையே சொன்னது. அவரோ அதற்குள் காணாமல் போயிருந்தார். 1977இல் ஒரு சட்டம் வந்து ஜூரியின் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது. அதனால் நாவல் எந்த வருஷத்தில் நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் மாமி.

கொலைநோக்குப் பார்வை: இவ்வளவு சிரமம் எதற்கு? அமெரிக்கப் பதிப்பாளர்கள்தான் சொற்களை மாற்றி அச்சிடுகிறார்களே. காரின் ‘பூட்’ என்பதை ட்ரங்க் ஆக்கினால் என்ன குடி முழுகிவிடும்? வாசகர் கதை படிக்க வந்தாரா, அகராதி படிக்க வந்தாரா?

பெயரே பிரமாதம். கருத்தில்தான் உடன்பாடில்லை. எழுத்துக்கூட்டலை மாற்றட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கொலைக் கதையில் சாதாரணச் சொல்லும் தடயம். ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் பிரிட்டனிலும் நமக்கும் ஒரு மாடி ஏறிப் போவது, அமெரிக்கருக்குத் தரைத்தளம். கதைக்குள் அதை செகண்ட் ஃப்ளோர் என்று மாற்றிவிட்டு, புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும் மாளிகை வரைபடத்தைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? ஜன்னல் வழியே குதித்தவன் எங்கிருந்து குதித்தான் என்று தேடி வாசகர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

கொலைநோக்குப் பார்வை: அப்போ வரைபடத்தையும் மாற்றட்டும்!

மாற்றலாம். அப்புறம் ஷில்லிங்கை டாலர் ஆக்கலாம், டீயைக் காபி ஆக்கலாம், கிராமத்தையே ஒஹையோவுக்குத் தூக்கி வரலாம். லண்டன் வாசகர்கள் சிகாகோ துப்பாக்கிக் கதைகளின் கொச்சையைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டுதானே படித்தார்கள்?

பட்டுமாமி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தலைப்பை மாற்றியதால் அகதா கிறிஸ்டி நாவல் ஒன்றை இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்லுங்களேன்.

உங்களுக்குக் கூட்டாளிகள் நிறைய, மாமி. 1957இல் வந்த ‘4.50 ஃப்ரம் பாடிங்டன்’ அமெரிக்காவில் ‘வாட் மிஸஸ் மெகில்லிகடி சா!’ ஆனது. பிரிட்டிஷ் தலைப்பில் ரயில் கிளம்பும் நேரமும் நிலையமும் கைக்கு வந்துவிடும். அமெரிக்கத் தலைப்பில் ஒரு பாட்டி எதையோ பார்த்தாள் என்பதுதான் மிச்சம். ‘மர்டர் ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ இங்கே ‘மர்டர் இன் த கலே கோச்’ என்று வந்ததற்காவது காரணம் இருந்தது. கிரஹாம் கிரீன் நாவல் ஒன்று அதற்கு முன்பே இங்கே ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் வந்துவிட்டது. பழைய பதிப்பு வாங்கும்போது பதிப்புரிமைப் பக்கத்தில் மூலத் தலைப்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கொலைநோக்குப் பார்வை: தலைப்பு என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். ‘அண்ட் தென் தேர் வெர் நன்’ எப்படி?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1939இல் லண்டனில் அது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைத் தலைப்பில் தாங்கி வந்தது. அமெரிக்கப் பதிப்பாளர் 1940லேயே மாற்றினார். பிரிட்டனில் 1985 வரை அந்தப் பழைய தலைப்பிலேயே பதிப்புகள் வந்துகொண்டிருந்தன. அங்கே மாற்றியவர் பக்கம்தான் நியாயம். அதை வைத்து ‘பூட்’ என்பதையும் ட்ரங்க் ஆக்கலாம் என்று வராதீர்கள். வசவு வேறு, காரின் பின்பக்கம் வேறு.

டல்லாஸ்காரன்: நாம் படித்ததே பிரிட்டிஷ் இங்கிலீஷ்தானே அக்கா. இந்தச் சண்டை அமெரிக்கர்களுக்குத்தானே? நமக்கு என்ன?

இந்த மிதப்புதான் வேண்டாம் என்கிறேன். பழைய பிரிட்டிஷ் நாவலில் “ஹோம்லி” என்று ஒரு பெண்ணை அறிமுகம் செய்தால் நம் ஆட்கள் உடனே மணமகள் தேவை விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள்: அடக்கமான, வீட்டோடு இருக்கிற பெண். அமெரிக்கருக்கு அவள் அழகில்லாதவள். எழுதியவர் நினைத்ததோ எளிமையான, பழக இதமான ஒருத்தி. ஒரே பக்கத்தில் மூன்று பெண்கள். யாரைக் கொலைகாரி என்று சந்தேகிக்கிறீர்கள் என்பதே இதனால் மாறிவிடும்.

சாக்ரமெண்டோ சாம்பார்: 1892இல் வந்த ஒரு கதையில் ஹோம்ஸ் வாட்சனிடம், “உன்னை ‘நாக் அப்’ பண்ணியதற்கு மன்னி” என்கிறார். மிஸஸ் ஹட்சனுக்கும் அதே கதி என்கிறார். என் மகள் சிரித்து உருண்டாள். ஏன்?

தட்டி எழுப்பினார், அவ்வளவுதான். விடிகாலையில் நீளக் கழியால் ஜன்னலைத் தட்டித் தொழிலாளிகளை எழுப்புவதையே தொழிலாகச் செய்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். அமெரிக்காவில் அதற்கு என்ன பொருள் என்று மகளிடமே கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

ஹூஸ்டன் கணேசன்: அக்கா, டார்ச் பற்றி…

கணேசன்! மேலே போய்ப் படியுங்கள்.

பாஸ்டன் பாஸ்கி: கைதானவனுக்கு “காஷன்” கொடுத்தார்கள் என்று வருகிறது. வேறொரு நாவலில் “காஷன்” கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எது சரி?

இரண்டும். விசாரணைக்கு முன் “நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை” என்று ஆரம்பித்துச் சொல்வது ஒன்று. சின்னக் குற்றத்தை ஒத்துக்கொண்டவரை வழக்குப் போடாமல் எச்சரித்துப் பதிவு செய்து அனுப்புவது இன்னொன்று. முதல் வகையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1995 முதல் இங்கிலாந்தில், இப்போது சொல்லாமல் மறைத்த விஷயத்தைப் பிறகு கோர்ட்டில் சொன்னால் அது உங்களுக்குப் பாதகமாகலாம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். 1966 முதல் அமெரிக்கப் போலீஸ் சொல்லும் மிராண்டா எச்சரிக்கையில் அது கிடையாது. அமெரிக்க வாசகர், ‘வாயைத் திறக்காமல் இருக்க வேண்டியதுதானே?’ என்று கதாபாத்திரத்தின் மேல் கோபப்படுவது இதனால்தான்.

நியூஜெர்சி நிலா: ராணுவ மேஜருக்கு ஒரு “பேட்மேன்” டீ போட்டுக் கொடுக்கிறாரே?

அதிகாரியின் பணியாள். முகமூடி கிடையாது.

அரைத்தூக்கம்: கடைசிக் கேள்வி. எடின்பரோவில் நடக்கும் கதைகளில் கரோனரையே காணோமே?

ஸ்காட்லாந்தில் கரோனர் கிடையாது, சட்டமே தனி. சந்தேக மரணத்தை விசாரிப்பதும் வழக்குத் தொடுப்பதும் ப்ரொக்யுரேட்டர் ஃபிஸ்கல் என்ற அதிகாரி. பழைய கதைகளில் ஜூரி 15 பேர், அதில் எட்டுப் பேர் சொன்னாலே குற்றவாளி. குற்றவாளி, நிரபராதி என்பதோடு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று மூன்றாவது தீர்ப்பும் அப்போது இருந்தது; 2025இல் வந்த ஒரு சட்டம் அதை எடுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்தாலும் ஆள் விடுதலைதான், ஊர்தான் நம்பாது.