ஆசிரியர் இல்லாமல் கல்வெட்டு படிக்க முடியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சோழர் கால எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டேன். தாளில் எல்லாம் தெரிகிறது. கோயில் சுவருக்கு முன் நின்றால் ஒரு வரி ஓடவில்லை. இனிக் கல்லூரிக்குப் போக வழியில்லை. இதை நானே கற்க முடியுமா? இந்த வயதில் கற்று ஆவதென்ன?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். கல்லில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும். சொற்களுக்கு இடைவெளி கிடையாது. சொல்லின் நடுவிலேயே வரி முறியும். ‘பொன்’ என்பது ‘பொன’ என்றும் ‘ஏரி’ என்பது ‘எரி’ என்றும் வெட்டப்பட்டிருக்கும்போது, சொல்லை முன்பே அறிந்தவருக்குத்தான் எழுத்து பிடிபடும். ஆகவே முதலில் கல்வெட்டின் மொழி.

கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் மூலத்தோடு உள்ளன. கோயிலில் விளக்கெரிக்கத் தந்த கொடைகளில் தொடங்குங்கள். ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும்: கொடுத்தவர், கால்நடை, அதைப் பெற்ற இடையர், அளக்க வேண்டிய நெய். ஒரு விளக்குக்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. ஆடவல்லான் என்னும் அளவையால் நாள்தோறும் உழக்கு நெய். ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். எண்ணிக்கை குறையாமல் மந்தையைக் காக்கும் பொறுப்பு இடையருடையது. பத்துக் கல்வெட்டு வாய்விட்டுப் படித்தால் போதும், அந்த நடை காதில் நிற்கும்.

பிறகு அதே கல்வெட்டைச் சுவரில் தேடிப் போங்கள். உச்சி வெயிலில் எழுத்து எழாது. காலை, மாலைச் சாய்வெயில் வேண்டும். நிழலான சுவரென்றால் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டில் நிழல் விழும். ஒளியைத் திசை மாற்றி மாற்றிப் படமெடுங்கள். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கவே கூடாது.

கண்ணில் பட்டதை மட்டும் எழுதி, தெரியாத எழுத்துக்குப் புள்ளியும் ஊகத்துக்கு அடைப்புக்குறியும் இட்ட பிறகே அச்சுப் பாடத்தைத் திறக்க வேண்டும். தானே கற்பவருக்கு இல்லாதது திருத்தும் ஆள். இங்கே அந்த வேலையை அச்சுப் பாடம் செய்கிறது. இந்தத் துறை தனியாகக் கற்க ஏற்றது என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம். வரிசையை மாற்றி முதலில் புத்தகத்தைப் பார்த்தால், கல்லில் இல்லாததும் தெரியத் தொடங்கும். ‘திருமகள் போல’ என்று தொடங்கும் முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ் பாடும் முகப்புரை) மனப்பாடமானபின் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் உங்களைச் சோதிக்க ஊகிக்க முடியாத இடங்களை எடுங்கள்: ஊர்ப்பெயர், ஆட்பெயர், ஆட்சியாண்டு. யாண்டு ௨௰௬ என்றால் 26; பத்துக்குத் தனிக்குறி உண்டு என்பதை மறந்தால் தடுமாறுவீர்கள். நிலக்கொடைக்கு வரும்போது மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) குறிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆவதென்ன என்று கேட்டீர்கள். சுத்தம் செய்யவென்று மணலை வீசியடித்ததில் எழுத்துத் தேய்ந்த சுவர்கள் உண்டு. திருப்பணியில் பிரிக்கப்பட்டுப் படியாகவும் தளமாகவும் போன கற்களும் உண்டு. படிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால், கல் கொத்தப்படுவதற்கு முன்பே இடக்குறிப்போடும் படத்தோடும் தொல்லியல் துறைக்கு எழுத முடியும். உங்கள் வட்டாரத்தில் அதற்கு வேலை நிறைய இருக்கிறது.