'லெ' எங்கே போனது?

கேள்வி: ஸ்பானிஷ் படிக்கிறேன். 'லெ' என்றால் அவருக்கு, 'லோ' என்றால் அதை. அப்படியென்றால் 'அதை அவருக்குக் கொடுக்கிறேன்' என்பது 'லெ லோ தோய்' என்றுதானே வரவேண்டும்? ஏன் 'செ லோ தோய்' என்கிறார்கள்? 'செ' தன்னைத்தானே குறிப்பதல்லவா?

பதில்: இது அந்த 'செ' இல்லை, உருவம் மட்டும்தான் ஒன்று. லெ, லெஸ் (அவர்களுக்கு) இரண்டும் 'அதை', 'அவற்றை' என்று பொருள்படும் லோ, லா, லோஸ், லாஸ் ஆகியவற்றுக்கு முன்னால் வந்தால் 'செ' ஆகிவிடும், விதிவிலக்கே கிடையாது. பழைய ஸ்பானிஷில் 'ge lo' என்று எழுதப்பட்ட வடிவம், ஒலி மாறி மாறிக் கடைசியில் 'செ' என்பதோடு கலந்துவிட்டது. சரி, அவனுக்கா, அவளுக்கா, அவர்களுக்கா, உங்களுக்கா? 'செ' மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. குழப்பம் வரும் என்றால் 'செ லோ தோய் ஆ எய்யா' என்று சேர்த்தால் 'அவளுக்கு' என்பது தெளிவாகிவிடும். அப்புறம் இடம்: 'கொடு' என்று ஏவும்போது இரண்டும் வினையின் வாலில் ஒட்டி 'தாசெலோ' ஆகும், 'கொடுக்காதே' என்றால் மறுபடி முன்னால் வந்து 'நோ செ லோ தெஸ்'. இந்த இரண்டையும் ஜோடியாகவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.