காராசேவு தின்னட்டும், கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அறுபது சொச்சம் தீர்மானங்கள். முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டு, காராசேவும் காபியும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இதற்கு ஒரு மன்றம் தேவையா? கமிஷனரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால் என்ன?
– சென்னையை ஒட்டிய ஒரு நகராட்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: காராசேவின் மேல் ஏன் சார் இத்தனை கோபம்? தின்னட்டும். நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023 ஜூலையில்தான் வந்தது. காலையில் குடிநீர் லாரி வரவில்லை என்று தொடங்கும் போன், ராத்திரி தெருவிளக்கு எரியவில்லை என்பது வரைக்கும் ஓயாது. ஒழுங்காக வேலை செய்கிற கவுன்சிலருக்கு ஒரு தட்டு காராசேவு கொடுப்பதால் நகராட்சி கஜானா காலியாகிவிடாது.

மன்றம், சாப்பாடு என்று நீங்களே பேச்சை எடுத்துவிட்டீர்கள். எனக்கு உடனே ஆயிரம் விளக்குதான் நினைவுக்கு வருகிறது. 1920ஆம் ஆண்டு. சென்னை மாநகராட்சி மன்றத்துக்குப் பிட்டி தியாகராயர் தலைவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாமா என்று ஒரு பொருள் மன்றத்துக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் சேருகிற எண்ணிக்கையே அடிவாங்குகிறது என்று தியாகராயர் எடுத்துச் சொல்கிறார். மன்றம் ஒப்புக்கொள்கிறது. பிறகு வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் அது போனது.

மதிய உணவு என்றால் 1956, காமராஜர் என்போம். 1982, எம்.ஜி.ஆர். என்போம். 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்துக்கு மு.க.ஸ்டாலின் பெயரைச் சொல்வோம். மூவருக்கும் உரிய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓர் உள்ளாட்சி மன்றம் உட்கார்ந்து ஓரணாவுக்குக் கணக்குப் பார்த்திருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? நல்லது நடந்தால் முதலமைச்சர், சாக்கடை அடைத்தால் கவுன்சிலர் என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பங்கீட்டை எதிர்த்து இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

சரி, கமிஷனரே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்கள். பார்த்துக்கொண்டாரே! அதுவும் ஒரு தடவை இல்லை. மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பதிவேடு) ஊழல் வெடித்து 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். இருபது வருடத்துக்கு மேல் இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆள் இல்லை. வேலைக்கு வராதவர்களின் பெயரில் கூலி எழுதியது திருட்டு. திருடியவர்களைப் பிடித்து உள்ளே போட்டிருக்க வேண்டும். அதற்காக ஓட்டுப் போட்ட ஊருக்கே ஏன் தண்டனை? 1996இல் வாக்காளராகச் சேர்ந்த பல இளைஞர்களுக்குக் கவுன்சிலர் என்றால் யார் என்றே தெரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? மன்றத்தின் ஆயுள் ஐந்து வருடம், அது முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 74ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. 1993இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இருந்தும் 2016 அக்டோபரில் முடிந்த மன்றத்துக்குப் பதில் அடுத்த மன்றம் 2022 மார்ச்சில்தான் வந்தது. நடுவில், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அந்த நடுவில்தான் 2019 கோடையும் வந்தது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிளாஸ்டிக் குடத்தோடு தெருவில் நின்ற பெண்களுக்கு, ‘எங்கள் தெருவுக்கு ஏன் லாரி வரவில்லை’ என்று சட்டையைப் பிடித்துக் கேட்க வார்டில் ஒரு ஆள் இல்லை. கவுன்சிலர் இருந்திருந்தால் மழை பெய்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மன்றம் இருக்கத்தான் செய்தது, ஊர் மூழ்கத்தான் செய்தது. ஆனால் மறுநாள் டீக்கடையில் கவுன்சிலரை நிற்கவைத்துத் திட்ட முடிந்தது. கமிஷனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாற்றல் உத்தரவு வந்தால் போய்விடுவார். உங்கள் டீக்கடைக்கு அவர் வரப்போவதும் இல்லை.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. அறுபது தீர்மானம் முக்கால் மணியில் முடிந்தது என்கிறீர்களே, அந்த அறுபதும் என்ன? கூட்டப்பொருள் நகலை வாங்கிப் பார்த்தீர்களா? வாங்குங்கள். அதில் ‘அவசர அவசியம் கருதி’ என்று தொடங்கும் பொருள்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்கள். போர்வெல் மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், பொக்லைன் வாடகை, தெருவிளக்குச் சாமான். வேலை முடிந்திருக்கும், தலைவரின் முன் அனுமதி வாங்கியிருப்பார்கள், செலவுக்கு ஒப்புதல் மட்டும்தான் மன்றத்திடம் கேட்பார்கள். மோட்டார் எரிந்து ஊருக்குத் தண்ணீர் இல்லாதபோது கூட்டம் வரை காத்திருக்க முடியாது, அது நியாயம். ஆனால் ஒரே மோட்டார் மாதா மாதம் எரிந்தால்? மழைக்காலம் வரும் என்பது கூடவா திடீரென்று தெரியவந்த அவசரம்? வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வருகிறது. கால்வாய் தூர் வாருவதை அக்டோபர் கடைசியில் அவசரம் என்று கொண்டுவந்தால், கையைத் தூக்குவதற்கு முன் ஒரு உறுப்பினராவது எழுந்து ‘ஜூலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி வராத கூட்டம் முக்கால் மணி நடந்தால் என்ன, மூன்று மணி நடந்தால் என்ன?

அப்புறம் சாலைப் பொருள்கள். இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது, பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய தெருக்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். கேட்டைத் திறக்க முடியாமல் அடிப்பாகத்தை அறுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் வாசலில் மணல் மூட்டை. எல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதன் விளைவு. மில்லிங் செய்துவிட்டுத்தான், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். இதை எழுதியபோது ஓர் ஒப்பந்ததாரர் எனக்குக் கடிதம் போட்டார், சுரண்டினால் கட்டுப்படியாகாது என்று. அவருக்கு அன்று சொன்னதே இன்றும்: மதிப்பீட்டில் மில்லிங்குக்குத் தொகை இருக்கும்போது செய்யாமல் விட்டால் அது களவு. தொகையே இல்லாவிட்டால் மதிப்பீடு போட்டவரைத்தான் கேட்க வேண்டும். இரண்டையும் கேட்க வேண்டிய இடம் நீங்கள் வேண்டாம் என்கிற அந்த மன்றம்தான்.

இன்னொன்று. கூட்டத்தில் பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர் பேசினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. வார்டு அலுவலகத்துக்குப் போன் செய்தால் எடுப்பது ‘கவுன்சிலர் வீட்டுக்காரர்’. நாமும் ‘அண்ணே, எங்க தெருவுல லைட்டு எரியல’ என்று அவரிடமே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். இனிமேல் ‘அம்மா இருக்காங்களா, அவங்ககிட்ட பேசணும்’ என்று கேளுங்கள். இல்லை என்றால் திரும்பக் கூப்பிடுங்கள். ஓட்டு அவருக்குத்தானே போட்டீர்கள்?

கூட்டப்பொருள் நகலைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். உங்கள் வார்டில் பகுதி சபா, அதாவது பகுதி மக்களே கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம், எப்போது என்றும் அதே மனுவில் கேளுங்கள். 2022 நவம்பர் 1 அன்று பெரிய அளவில் தொடங்கிவைத்தார்கள், உங்கள் பகுதியில் அதற்குப் பிறகு எத்தனை தடவை கூடியது என்று தேதி வாரியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள். ‘அவசர அவசியம்’ எத்தனை இருக்கிறது என்று எண்ணி, உங்கள் ஊர்ப் பெயரோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.