ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு: பயிலரங்குகளுக்குப் போவதா, ஆய்வகத்திலேயே இருப்பதா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஜெர்மனி வந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்றாண்டு ஒப்பந்தம், முழுச் சம்பளத்தில் 65 விழுக்காடு. பல்கலைக்கழகம் விண்ணப்பம் எழுதுதல், நேர்காணல், வழிகாட்டித் திட்டம், தலைமைப் பயிற்சி என்று பயிலரங்குகளின் நீண்ட பட்டியலை மாதந்தோறும் அனுப்புகிறது. நெறியாளரோ "முதலில் முடிவுகள் வரட்டும், அதையெல்லாம் கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அவற்றால் உண்மையில் பயன் உண்டா, வெறும் சான்றிதழ் சேர்க்கும் வேலைதானா, போவதென்றால் எப்போது போவது என்று கேட்கிறீர்கள்.

நான் 2009-இல் உயிர்வேதியியல் ஆய்வுக்காக இங்கு வந்தவன். முனைவர் பட்டம், இரண்டாண்டு போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), சில மாதம் வேலையில்லாக் காலம், 2016 முதல் ஒரு மருந்து நிறுவனத்தின் பகுப்பாய்வுப் பிரிவு என்று என் பாதை போயிற்று. உங்கள் நெறியாளர் சொன்னதையே என்னுடையவரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஊரில் கைடு சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழகாத நமக்கு, இங்கே நெறியாளரை 'டோக்டர்ஃபாட்டர்', அதாவது முனைவர்-தந்தை, என்று அழைக்கிறார்கள் என்று தெரிந்ததும் பணிவு இன்னும் ஒரு படி கூடிவிடுகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அறிந்தது பேராசிரியர் ஆகும் வழி ஒன்றுதான். ஆனால் கடைசி ஆண்டு என்பது மிகவும் தாமதம் என்பதே என் பதில். முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். அதே சமயம், பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் போகாதீர்கள்.

ஏன் முதல் ஆண்டிலேயே என்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் காலவரையறை ஒப்பந்தங்களுக்கென 2007 முதல் ஒரு தனிச் சட்டம் நடப்பில் உள்ளது. விஸ்ஸென்ஷாஃப்ட்ஸ்ட்சைட்ஃபெர்ட்ராக்ஸ்கெஸெட்ஸ் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் ஒப்பந்தமே முடிந்துவிடும் என்று ஆய்வகத்தில் நாங்கள் கேலி செய்வோம். முனைவர் பட்டத்துக்கு முன் அதிகபட்சம் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு, மருத்துவத்தில் மட்டும் ஒன்பது ஆண்டு, குழந்தை ஒன்றுக்கு இரண்டாண்டு நீட்டிக்க இடமுண்டு. அதற்குப் பிறகு நிரந்தரப் பதவியோ, வெளிநிதித் திட்டத்தில் ஓர் இடமோ கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகம் உங்களை வைத்துக்கொள்ள முடியாது. நிரந்தரப் பதவிகள் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு: பேராசிரியர்களை விடுத்து, 45 வயதுக்குட்பட்ட பல்கலைக்கழக ஆய்வுப் பணியாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பதாக 2021-இல் வெளிவந்த தேசிய அறிக்கை சொன்னது. அதே ஆண்டு ஜூன் மாதம், ஹன்னா என்ற கற்பனை உயிரியலாளரை வைத்து இந்தச் சட்டத்தை நியாயப்படுத்திய அமைச்சகக் காணொளி ஒன்றுக்கு எதிராக, 'இஷ் பின் ஹன்னா' ('நான்தான் ஹன்னா') என்று ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் தம் கதைகளை ட்விட்டரில் எழுதினார்கள். ஆகவே கல்வித்துறையை விட்டு வெளியே போவது தோல்வி அன்று. இந்த அமைப்பே பெரும்பாலோரை வெளியே அனுப்பும் விதத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பயிலரங்குகளை நடத்தும் வழிகாட்டு அலுவலகங்கள் இருப்பதும் அதனால்தான். ஆனால் அவற்றின் கதவு பெரும்பாலும் ஒப்பந்தம் ஓடும் வரைதான் திறந்திருக்கும். வேலை தேடும் காலத்தில் அங்கே போனால், நீங்கள் இப்போது எங்கள் பணியாளர் இல்லையே என்பார்கள்.

பயிலரங்குகளுக்கு வருவதற்கு முன் உங்கள் பணம் எந்த வகை என்று பாருங்கள். உங்களுடையது ஒப்பந்தம் என்கிறீர்கள், நல்லது. என்னுடையது உதவித்தொகை. மாதம் கைக்கு வந்த தொகை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் வேறுபாடு எனக்கு நான்காண்டு புரியவே இல்லை. உதவித்தொகையில் வேலையில்லாக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியக் காப்பீட்டுக்கும் கட்டணம் போவதில்லை. வேலை போனபின் அரசு தரும் ஈட்டுத்தொகை பெற, கடைசி 30 மாதத்தில் 12 மாதமாவது காப்பீடு கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு, குழந்தை இருந்தால் 67 விழுக்காடு கிடைக்கும். போஸ்ட்டாக் காலத்தில் எனக்கு ஒப்பந்தம் இருந்ததால்தான் தப்பித்தேன். மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களில் 2015 முதல் புதிதாகச் சேரும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு உதவித்தொகைக்குப் பதிலாக ஒப்பந்தமே தருகிறார்கள். அங்கு 2003-இல் ஆய்வாளர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட வலையமைப்பு இதற்காகத் தொடர்ந்து வாதாடி வந்தது. டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) அல்லது ஹும்போல்ட் அறக்கட்டளை உதவித்தொகையில் வந்த நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் இந்த ஒன்றையாவது அவர்களிடம் சொல்லுங்கள்: உதவித்தொகை பெருமைக்குரியது, ஆனால் காப்பீட்டுக் கணக்கில் அந்த ஆண்டுகள் வெற்றிடம்.

இனிப் பயிலரங்குகள். என் அனுபவத்தில் காலத் திட்டமிடல், மன அழுத்த மேலாண்மை போன்ற அரைநாள் வகுப்புகளால் காபியும் பிஸ்கட்டும் தவிர எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் துறையில் முனைவர் பட்டம் முடித்து வெளியே போனவர்கள் வந்து பேசும் மாலைக் கூட்டங்களோ ஒன்றுகூட வீணாகவில்லை. தர மேலாண்மை, மருந்துப் பதிவு, காப்புரிமை, அறிவியல் நிர்வாகம் என்று நாம் கேள்விப்படாத வேலைகள் இருப்பது அங்கேதான் தெரியவரும். கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல், பேசியவரிடம் போய், உங்கள் நாளின் பாதி எதில் கழிகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எப்போதும் சிற்றேட்டில் உள்ளதற்கு நேர்மாறாக இருக்கும்.

விண்ணப்பத் திருத்தம் என்பது தனிநபர் ஆலோசனையாக இருந்தால் மட்டும் போங்கள். நான் போனது வேலை இழந்தபின், ஓய்வுபெற்ற ஒரு பணியாளர் துறை அதிகாரியிடம். நான் நீட்டிய நான்கு பக்கத்தை அவர் சிவப்புப் பென்சிலால் அடிக்கத் தொடங்கினார். தந்தை பெயர் போயிற்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் போயிற்று, 'மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மையென உறுதியளிக்கிறேன்' என்ற நம்மூர் உறுதிமொழியும் போயிற்று. (இடம், நாள், கையொப்பம் மட்டும் தப்பின, ஜெர்மானியர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.) ஐந்து கட்டுரைகளின் முழுத் தலைப்புகளை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டு, "ஆய்வகத்தில் எச்பிஎல்சி கருவி (கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளப்பது) பழுதானால் யார் சரிசெய்வார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "புதிய மாணவர்களுக்கு அதை யார் கற்பித்தார்? வேதிப்பொருள்களுக்கு ஆணை அனுப்பிக் கணக்கு வைத்தது யார்?" அதுவும் நான்தான். "இதில் ஒன்றுகூடத் தாளில் இல்லையே" என்றார். நான் அவற்றை எடுபிடி வேலை என்று எண்ணியிருந்தேன். பின்பு என்னை நேர்காணலுக்கு அழைத்த நிறுவனம் கேட்டது அந்தக் கருவியைப் பற்றித்தான். கட்டுரைகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆகவே இப்போதிருந்தே ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்தக் கருவியை எவ்வளவு காலம் பொறுப்பில் வைத்திருந்தீர்கள், எத்தனை முதுகலை மாணவர்களுக்கு வழிகாட்டினீர்கள் என்று மாதம் ஒருமுறை எழுதிவையுங்கள். மூன்றாண்டு கழித்து நினைவுக்கு வராது.

ஜெர்மன் மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எல்லா உதவிகளிலும் பெரியது அதுதான் என்பதால் நானே சொல்கிறேன். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும். அந்த வசதிதான் நம்மை ஏமாற்றுகிறது. நடுத்தர நிறுவனங்களில் செயல்முறை ஆவணங்கள் முழுக்க ஜெர்மனில் இருக்கும். பல்கலைக்கழகம் பணியாளருக்கு நடத்தும் வகுப்போ, ஊரின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ என்ற முதியோர் கல்வி மையத்தின் மாலை வகுப்போ, முதல் ஆண்டில் பி1 (நடுத்தர மொழித் தேர்ச்சி), முடிக்கும்போது அதற்கு அடுத்த படியான பி2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் கல்விக்கென ஆண்டுக்கு ஐந்து நாள் சம்பளத்துடன் விடுப்பு எடுக்கச் சட்டமே இடம் தருகிறது; பவேரியாவில் அது இல்லை. நீல அட்டையில் (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலைக்குப் போனபின், பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் 27 மாதம்.

ஒப்பந்தம் முடியும் காலத்துக்கு இரண்டு தேதிகளை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். முதலாவது, முடிவதற்கு மூன்று மாதம் முன்பு. அன்றைக்குள் வேலைவாய்ப்பு அலுவலகமான ஆகெண்டூர் ஃபூர் ஆர்பைட்டில், வேலை தேடுபவராக உங்களைப் பதிந்துகொள்ள வேண்டும். நெறியாளர் நீட்டித்துத் தருவதாகச் சொல்லியிருந்தாலும் பதியுங்கள். என்னுடையவரும் அப்படித்தான் சொன்னார், நிதி வரவில்லை, நான் 19 நாள் தாமதமாகப் பதிந்ததற்கு ஒரு வார ஈட்டுத்தொகை பிடிக்கப்பட்டது. தனிப் பயிற்சியாளரிடம் ஆலோசனை பெற அந்த அலுவலகம் ஒரு பற்றுச்சீட்டும் (வவுச்சர்) வழங்குகிறது; வேலை போகவிருக்கும் நிலையில் இருப்பவருக்கும் அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம். கேட்காமல் தரமாட்டார்கள். சிவப்புப் பென்சில்காரரிடம் நான் போனது அந்தச் சீட்டில்தான். குடியிருப்பு அனுமதியைப் பொறுத்தவரை, இங்கு பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் கிடைக்கும். ஆய்வாளர் அனுமதியில் இருந்து பணி முடித்த போஸ்ட்டாக்குக்கு 9 மாதம்தான்.

இரண்டாவது தேதி, பணிச்சான்றுக்கு. இங்கே அதை ட்ஸொய்க்னிஸ் என்பார்கள். கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அது புகழ்ச்சி போலவே வாசிக்கும், ஆனால் உள்ளே மதிப்பெண் ஒளிந்திருக்கும். 'எப்போதும் எங்கள் முழுமையிலும் முழுமையான நிறைவுக்கு' வேலை செய்தார் என்றால் முதல் தரம். 'எப்போதும்' என்பது போய் 'முழுமையான நிறைவுக்கு' என்று மட்டும் இருந்தால் மூன்றாம் தரம். எனக்கு வந்த சான்றில் அந்த 'எப்போதும்' இல்லை. எழுதியவர் தற்செயலாக விட்டுவிட்டார் என்றே இன்றும் நம்புகிறேன். ஜெர்மானிய நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின் திருத்தி வாங்க ஏழு வாரம் ஆயிற்று. ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கேளுங்கள், இந்நாட்டில் வளர்ந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

போஸ்ட்டாக் போவது பற்றி ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பேராசிரியர் பதவி உறுதியாக வேண்டுமென்றால் போங்கள், அதுவும் திட்டத்துடன். எம்மி நோய்தர் போன்ற குழுத்தலைவர் நிதிக்குப் பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகளே வாய்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு, போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. அதாவது அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியிலேயே தங்க உங்களால் முடியாது. வேறு வேலை கிடைக்காததால் போஸ்ட்டாக் என்று போனவர்களில் நானும் ஒருவன், அந்த இரண்டாண்டை வேறு எங்காவது கழித்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

நெறியாளரிடம் எப்படிப் பேசுவது என்பது மிச்சம். பயிலரங்குக்குப் போகலாமா என்று அனுமதி கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். உங்கள் ஆய்வுக்கு மூவர் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கும் என நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில், ஆய்வுத் திட்டத்தின் கடைசித் தாளில் 'பயிற்சி' என்று ஒரு வரிசை சேர்த்து, இவ்வாண்டு ஜெர்மன் வகுப்பு, இரண்டு மாலைக் கூட்டம், அடுத்த ஆண்டு ஒரு தனிநபர் ஆலோசனை என்று எழுதிக் காட்டுங்கள். மற்ற இருவரும் தலையசைத்தபின் அவர் மறுப்பது கடினம், கூட்டக் குறிப்பிலும் அது பதிவாகிவிடும். சோதனை ஓடும் நாளில் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் போகாதீர்கள்.