பாவமில்லாத நாட்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். பெரம்பூரில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். முழுக்கு ஞானஸ்நானம் அங்கேதான் எடுத்தேன். அந்தச் சபை எனக்கு நிறைய கொடுத்திருக்கிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

என் அம்மாவுக்கு மறதி நோய். ஒன்றரை வருடமாக எங்களோடு இருக்கிறார். ராத்திரி 2 மணிக்கு எழுந்து, "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார். காலையில் எனக்கு வேலைக்குப் போக வேண்டும். அண்ணன் வேளச்சேரியில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவான். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு ராத்திரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "உன்னால என் வாழ்க்கையே போச்சு" என்று கத்திவிட்டேன். அம்மா பயந்துபோய்ச் சுவரோரமாக ஒடுங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் 1 யோவான் 3:9-ஐ வைத்துப் பிரசங்கித்தார். தேவனால் பிறந்தவன் பாவம் செய்ய மாட்டான், செய்தால் அவன் இன்னும் பிறக்கவே இல்லை என்றார். அன்றிலிருந்து திருவிருந்தில் அப்பத்தட்டு என்னிடம் வரும்போது எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகும் அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். பழைய சபைத் தோழி ஒருத்தி, "எல்லாரும் பாவிங்கதான், அதுக்குத்தானே வாரா வாரம் பாவ அறிக்கை சொல்றோம், விடு" என்கிறாள். அதுவும் மனதில் ஒட்டவில்லை.

கிறிஸ்தவன் பாவம் செய்யாமல் வாழ முடியுமா? முடியாது என்றால் மறுபிறப்பு, அதாவது தேவனால் மறுபடி பிறப்பது, எதற்கு? முடியும் என்றால் நான் யார்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். தோழியின் பதில் மனதில் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்லதுதான். அம்மா சுவரோரமாக ஒடுங்கியதைப் பார்த்தவரிடம் "விடு" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. நடந்தது பாவம்தான். அதை நீங்களே தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்தப் பாவத்திலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்திருக்கும் முடிவு தவறு என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம். "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்." இதை எழுதிய அதே கை, அதே நிருபத்தின் (கடிதத்தின்) முதல் அதிகாரத்தில், "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம், சத்தியம் நமக்குள் இராது" என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் அதிகாரம் இப்படித் தொடங்குகிறது: "என் பிள்ளைகளே, நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு இவைகளை உங்களுக்கு எழுதுகிறேன், ஒருவன் பாவஞ்செய்வானானால் நீதிபரராயிருக்கிற இயேசுகிறிஸ்து நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவராயிருக்கிறார்." பிள்ளைகளே என்று அழைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். விழுந்தவன் பிள்ளையே இல்லை என்பது அவர் எண்ணமாக இருந்தால் இந்த வாக்கியத்துக்கு அவசியமே இல்லை.

அப்படியானால் 3:9 என்ன சொல்கிறது? கிரேக்க மூலத்தில் நிகழ்கால வினை இருப்பதால் "தொடர்ந்து பாவத்தில் வாழமாட்டான்" என்று பொருள் கொள்ள வேண்டும் என்பது பல போதகர்கள் தரும் விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இலக்கணத்தை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றக் கூடாது. 1:8-இல் இருப்பதும் நிகழ்காலம்தானே? எனக்கு நம் தமிழ்ச் சொல்லே அதைவிட அதிகம் உதவியிருக்கிறது. "செய்யான்" என்பது பழைய எதிர்மறை வினைமுற்று. அது ஒரு காலத்தோடு கட்டுப்பட்டதில்லை, முக்காலத்துக்கும் பொது. ஒருவனுடைய இயல்பைச் சொல்லப் பொருத்தமான வடிவம் அது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்கிறோமே, அந்த மாதிரி. வசனம் "வித்து" என்றுதான் காரணம் சொல்கிறது: "அவருடைய வித்து அவனுக்குள் தரித்திருக்கிறது." விதை விழுந்த இடத்தில் என்ன முளைக்கும் என்பதைப் பற்றிய பேச்சு அது.

உங்களுக்குள் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். கத்தினீர்கள், பிறகும் கத்தினீர்கள். ஆனால் நான்கு மாதமாக அது உங்களை விடவில்லை. பாவம் உங்களுக்குச் சொந்த ஊராக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். 24 வயதில் அயனாவரத்தில் ஒரு வாலிபர் ஜெபக்குழுவில் இருந்தேன். ஜெயங்கொண்ட வாழ்க்கை, அதாவது பாவத்தை ஜெயித்து வாழ்வது, என்று அதே பேச்சுதான். நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். படுக்கப் போகுமுன் அந்த நாளை யோசித்துப் பார்ப்பேன். பொய், இச்சை, கோபம், சினிமா, வீண்பேச்சு என்று ஒரு பட்டியல். ஒன்றும் இல்லையென்றால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. ஒருமுறை தொடர்ந்து 11 கோடுகள் விழுந்தன. கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அந்த 11 நாளும் என் தம்பியோடு நான் பேசவில்லை. வீட்டுப் பங்கில் வந்த சண்டை. அவன் கடை அடுத்த தெருவில் இருந்தது. ஜெபக்கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். கத்தவில்லை, திட்டவில்லை, அதனால் நோட்டில் "கோபம்" இல்லை. அவன் அந்த வருடம் கடன்பட்டுக் கஷ்டப்பட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை என்பதுதான் சரி.

பல வருடம் கழித்து இந்த மூன்றாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோதுதான் நோட்டு ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதாம் வசனத்தோடு நாம் நிறுத்திவிடுகிறோம். யோவான் நிறுத்தவில்லை. பத்தில் சகோதரனிடத்தில் அன்புகூராதவனைப் பற்றிப் பேசுகிறார். பன்னிரண்டில் தம்பியைக் கொன்ற காயீன் வருகிறான். பதினேழில், உலக ஆஸ்தி உடையவன் தன் சகோதரனுக்குக் குறைச்சலுண்டென்று கண்டும் இருதயத்தை அடைத்துக்கொண்டால் தேவ அன்பு அவனுக்குள் எப்படி நிலைகொள்ளும் என்று கேட்கிறார். "பாவஞ்செய்யான்" என்று அவர் சொல்லும்போது அவர் கண்முன் நிற்கிற பாவம் இதுதான். என் பட்டியலில் இது இருக்கவே இல்லை.

பாவமில்லாமல் வாழ்கிறேன் என்று சொல்பவர்களில் நான் பார்த்த பலரும் பொய்யர்கள் இல்லை. பாவத்தை எண்ணக்கூடிய அளவுக்குச் சின்னதாக்கிக்கொண்டவர்கள், அவ்வளவுதான். தனி ஆட்கள் மட்டுமல்ல, சபையாகவும் இதைச் செய்திருக்கிறோம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் அடியோடும் கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். உங்கள் பெரம்பூருக்குப் பக்கத்தில் வேப்பேரியில், தஞ்சாவூரில், பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். ஓய்வுநாளை ஆசரித்தவர்கள், ஜெபம் தவறாதவர்கள்தான் அவர்களும். இன்றைக்குக் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று எழுதி, அடுத்த வார்த்தையாகச் சாதிப் பெயரைப் போடுகிறார்கள். வாசிக்கும்போது வயிறு எரிகிறது. அந்த வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை, சினிமா பார்ப்பதில்லை. அவர்கள் நோட்டிலும் கோடுதான் விழும்.

பேதுருவுக்கே இது நடந்தது. பெந்தெகொஸ்தே நாளில் ஆவியைப் பெற்றவர், அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து தனிப் பந்திக்குப் போய்விட்டார். பவுல் முகத்துக்கு முன்பாக எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-இல் இருக்கிறது. பேதுரு மறுபடி பிறக்கவில்லை என்று பவுல் சொல்லவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ப நடக்கவில்லை என்றார். இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்கு இப்போது முக்கியம்.

இது பழைய வழக்கு, சகோதரி. ஐந்தாம் நூற்றாண்டில் பெலேகியு என்ற போதகர், மனிதன் நினைத்தால் பாவமில்லாமல் வாழலாம் என்று போதித்தார். ஆயர் அகுஸ்தீன் அதை எதிர்த்தார். 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் எடுத்த தீர்மானங்களில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று பரிசுத்தவான்கள் ஜெபிப்பது மற்றவர்களுக்காகத்தான், அல்லது தாழ்மைக்காகச் சொல்வதுதான், உண்மையில் அவர்களுக்கு அது தேவையில்லை என்று யாராவது சொன்னால் அது தவறு என்றார்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில், அன்றாட ஆகாரத்தைக் கேட்டவுடன் வருவது மன்னிப்பு. அதைத் தாண்டிப்போன சீடன் என்று ஒருவனும் இல்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையும் சொல்லியாக வேண்டும். ராயப்பேட்டையில் அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது. பரிசுத்த வாழ்க்கையைப் பற்றி இன்று பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்கும் போதனையில் பெரும்பகுதி அவர் வழியாக வந்தது. இந்த வாழ்க்கையிலேயே அன்பில் பூரணமாக முடியும் என்று அவர் உறுதியாக நம்பினார், 1766-இல் அதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் தெரிந்தே மனதார மீறுவதைத்தான் அவர் அங்கே பாவம் என்று வைத்தார். தெரியாமல் செய்கிற தவறுகள் பூரணமானவனுக்கும் உண்டு, அவற்றுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் வேண்டும் என்றார். தான் அந்த நிலையை அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அடையவில்லை என்று பத்திரிகையிலேயே எழுதினார். அவருடைய லண்டன் சங்கத்தில் ஜார்ஜ் பெல் என்பவர் பூரண பரிசுத்தத்தை எல்லை மீறிக் கொண்டுபோய், 1763 பிப்ரவரி 28-ஆம் தேதி உலகம் முடியும் என்று அறிவித்தபோது வெஸ்லி அதை வெளிப்படையாக எதிர்த்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு என் பதில். பாவமே செய்யாத ஒரு கிறிஸ்தவ வாழ்க்கை மரணத்துக்கு இந்தப் பக்கம் இல்லை என்று நம்புகிறேன். "நான் அடைந்தாயிற்று" என்று எண்ணவில்லை, தொடருகிறேன் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். அதற்குமேல் நான் என்ன சொல்ல? ஆனால் உங்கள் தோழி சொன்னதோடு நான் நின்றுவிட மாட்டேன். எந்த ஒரு பாவத்தையும் எடுத்துக்கொண்டு, இதை நான் செய்துதான் ஆகவேண்டியிருந்தது என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் உண்டாக்குவார் என்று வேதம் சொல்கிறது. ஆகவே, நாளைக்கு ராத்திரி நீங்கள் கத்தாமல் இருக்க முடியும். அடுத்த வருடம் இன்னும் பொறுமையுள்ள பெண்ணாக இருக்க முடியும். மறுபிறப்பு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். முன்பு விருப்பமே இல்லாத இடத்தில் இப்போது ஒரு போராட்டம் நடக்கிறது.

அப்பத்தட்டைப் பற்றி. "அபாத்திரமாய்" (தகாதவிதமாய்) புசிக்கக் கூடாது என்ற வசனத்தின் சொல்தான் உங்களைத் தடுக்கிறது என்று ஊகிக்கிறேன். 1 கொரிந்தியர் 11-ஐ முழுதாக வாசியுங்கள். கொரிந்து சபையில் இருப்பவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பந்தியைத்தான் பவுல் கண்டித்தார். அந்தச் சொல் எப்படிப் புசிக்கிறோம் என்பதைக் குறிக்கிறது. புசிக்கிற ஆளின் தகுதியை அளக்க வந்த சொல் அல்ல. அடுத்த வசனம், தன்னைச் சோதித்தறிந்து "இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் போகிறது. சோதித்தறிந்து தட்டைக் கடத்திவிடு என்று அங்கே இல்லை. நீங்கள் நான்கு மாதமாகச் சோதித்துவிட்டீர்கள். இனி புசியுங்கள்.

அதே மூன்றாம் அதிகாரத்தில், உங்களைப் பயமுறுத்திய வசனத்துக்குப் பதினோரு வசனம் தள்ளி இது இருக்கிறது: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." சகலத்தையும் என்றால் அந்த 2 மணிக் கதவுச் சத்தத்தையும், ஒன்றரை வருடத் தூக்கமின்மையையும் சேர்த்துத்தான். உங்கள் பாஸ்டரிடமும் இதைப் பேசிப் பாருங்கள். நீங்கள் தட்டைத் தொடாமல் கொடுப்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவருக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருக்காது, கேட்டதும் மறந்துபோகும். இருந்தாலும் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அன்னைக்கு உன்னைக் கத்திட்டேன், மன்னிச்சிடு" என்று சொல்லுங்கள். இழுத்த அதே கையை. மறுபடி கத்திவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

கடைசியாக, களைப்பு பாவம் இல்லை, ஆனால் பாவத்துக்கு அது கதவைத் திறந்துவைக்கும். இரண்டு பேர் செய்ய வேண்டியதை நீங்கள் ஒருவராகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அம்மா "வீட்டுக்குப் போகணும்" என்னும்போது இல்லையென்று வாதாடாதீர்கள். விளக்கைப் போட்டு, "போகலாம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று உட்கார வையுங்கள். பல வீடுகளில் இது பலித்திருக்கிறது. இந்த நோய்க்கென்று மருத்துவரைப் பார்த்திருக்காவிட்டால் பாருங்கள், இரவுத் தூக்கத்துக்கு அவர்களால் உதவ முடியும். அப்புறம் இன்றைக்கே அண்ணனுக்குப் போன் பண்ணுங்கள். வேளச்சேரியிலிருந்து பெரம்பூர் ஒன்றும் வெளியூர் இல்லை. வாரத்தில் இரண்டு ராத்திரி அவர் வந்து அம்மா பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.