ஸ்கேன் நார்மல், மாதவிடாயும் சரி. பிறகு எப்படி இரண்டு கருக்குழாயும் அடைப்பு?

கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மாதவிடாய் சினைப்பையும் கருப்பையும் சேர்ந்து நடத்துவது. அதில் குழாய்க்கு வேலையே இல்லை. 10 செ.மீ. நீள மெல்லிய குழாய் சாதாரண ஸ்கேனில் தெரியாது. நீர் கோத்து வீங்கினால்தான் கண்ணில் படும்.

எச்.எஸ்.ஜி. (கருப்பைக்குள் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள். கருப்பையை ஒட்டிய முனை என்றால் உடனே கலங்காதீர்கள். மருந்து ஏற்றும்போது தசை இறுகினால் திறந்த குழாயும் அடைத்ததுபோலவே படத்தில் விழும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவில் பார்க்கும்போது, நீலச் சாயம் செலுத்தினால் குட்டு வெளிப்படும். சினைப்பைப் பக்க முனை அடைத்து நீர் கோத்திருந்தால் கதை வேறு. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) வெற்றி வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். அதனால்தான் முதலில் குழாயை எடுக்கவோ கிளிப் போட்டு அடைக்கவோ சொல்கிறார்கள். பணம் பிடுங்க அல்ல.

காரணம்? பால்வினைத் தொற்று, வெடித்த குடல்வால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்). நம் நாட்டில் காசநோயையும் மறக்கக் கூடாது. இருமலே இல்லாமல் குழாயைக் கெடுக்கும். கருப்பை உள்சவ்வைச் சோதித்து உறுதியானால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், பொதுவாக 6 மாதம். நோய் தீரும், தழும்பேறிய குழாய் பெரும்பாலும் திறக்காது.

கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்ததா? அதற்குமுன் அறுவைக்குத் தலையாட்டாதீர்கள்.

ஒன்று முக்கியம். பழுதான குழாயில் கரு தங்கலாம். நாள் தள்ளி, ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்வலி, மயக்கம் வந்தால் தருமபுரி பஸ்ஸுக்கு நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.