ஆத்தங்குடிக் கல் ஆய்வில் விளைவு மாறி எது?

தண்ணீரில் ஊறும் நாள் கூடினால் ஆத்தங்குடிக் கல்லின் (செட்டிநாட்டில் கையால் செய்யும் சிமெண்டுத் தரை ஓடு) உறுதி கூடுமா என்பது உங்கள் ஆய்வு. ஊறும் நாள் நீங்கள் மாற்றுவது. உறுதிதான் விளைவு மாறி, அதாவது சார்பு மாறி.

ஆனால் 'உறுதி' என்று மட்டும் எழுதினால் கைடு விடமாட்டார். எப்படி அளப்பீர்கள்? எத்தனை நியூட்டன் விசையில் உடைகிறது என்றால் சராசரிகளை ஒப்பிடலாம். உடைந்ததா இல்லையா என்றால் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம்/இல்லை விளைவுக்கான புள்ளியியல் முறை). விரிசல்களை எண்ணினால் பாய்சான் ரிக்ரெஷன் (எண்ணிக்கைகளுக்கான முறை). இன்னொன்று: கூடுதல் நாள் ஊறிய கல்லுக்கு வயதும் கூடியிருக்கும் (சிமெண்டு ஆயிற்றே!), எனவே எல்லாவற்றையும் ஒரே வயதில் சோதியுங்கள்.

முதன்மை விளைவு ஒன்றைத் தரவு எடுக்கும் முன்பே எழுதி வையுங்கள். பளபளப்பு, நிறம், எடை என்று 20 விளைவுகளை 5% அளவில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிட 5% வாய்ப்பு) சோதித்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாதபோதும் சராசரியாக ஒன்றிலாவது வித்தியாசம் இருப்பதுபோல் தற்செயலாகத் தெரிந்துவிடும்.